குதிரையின் முதுகு நோவு: அதன் அறிகுறிகளும் கைமுறைச் சிகிச்சையும்

ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் குதிரைச் சந்தைக்குச் சென்றோர் யாவரும் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். குதிரை வாங்க வந்தவர் முதலில் நெற்றிச் சுழியைப் பார்க்கிறார். பிறகு மார்பிலும் விலாவிலும் உள்ள சுழிகளை எண்ணுகிறார். வாயைத் திறந்து பல்லைக் கொண்டு வயதை நிதானிக்கிறார். சற்றுத் தூரம் நடத்திப் பார்த்து விலை பேசத் தொடங்குகிறார். சேணத்தைக் கழற்றச் சொல்லி முதுகைத் தடவிப் பார்ப்போர் மிகச் சிலரே. சவாரிக்கென்று வாங்கும் பிராணியிடத்தில் மனிதன் உட்காரும் இடத்தையே பாராது விடுதல், உழவு மாட்டின் கழுத்தைப் பாராமல் வாங்குவதற்கு ஒப்பாகும்.

இதனை எழுதுபவனும் இக்குற்றத்திற்கு விலக்கானவன் அல்லன். சில வருஷங்களுக்கு முன், பசுந்தாள் உரம் பற்றிப் பேசும் பொருட்டு ஒரு பெரிய பண்ணைக்குச் சென்றிருந்தேன். அப்பண்ணைக்காரரிடம் ஐந்து வயதுள்ள பெட்டைக் குதிரை ஒன்று இருந்தது. சேணத்தைக் கண்டவுடன் காதைப் பின்னுக்கு மடக்கும். வயிற்று வாரை இறுக்கினால் கடிக்க வரும். ஏறி உட்கார்ந்தாலோ முதுகை வில்லாக வளைத்து ஆளைத் தூக்கியெறியப் பார்க்கும். வாங்கிய வருஷம் சாதுவாய் இருந்த பிராணி இப்படி மாறிவிட்டதே, என்ன செய்யலாம் என்று அவர் என்னைக் கேட்டார். நான் கல்லூரியில் டிப்ளமாவுக்குப் படித்தது உழவு மாடுகளைப் பற்றியே தவிரக் குதிரையைப் பற்றியன்று. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "துஷ்ட குணம், கடிவாளத்தைக் கடுமையாக்கிச் சில நாள் விடாமல் பழக்கினால் அடங்கிவிடும்" என்று யோசனை கூறினேன். இரண்டு மாதத்தில் பண்ணையாள் ஒருவர் கீழே விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அதன் பின்னரே கால்நடை டாக்டர் வரவழைக்கப்பட்டார். அவர் குதிரையைத் தொடுமுன் சேணத்தை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார். உள்ளிருந்த மரச்சட்டம் ஒரு பக்கத்தில் விண்டு, ஏறுபவரின் பாரம் முழுவதும் ஒரே இடத்தில் இறங்கும்படி இருந்தது. அதற்கு நேரே குதிரையின் முதுகில் உள்ளங்கை அகலத்திற்கு மயிர் வெளுத்திருந்தது. அதனை நானும் அன்றைக்கே கண்டிருக்கக் கூடும், பார்க்கத் தோன்றவில்லை. சேணம் மாற்றப்பட்டு, சில மாதம் ஓய்வும் பயிற்சியும் அளிக்கப்பட்டபின் அந்தக் குதிரை முன்போல் சாதுவாயிற்று. பண்ணையாளரின் மணிக்கட்டு மட்டும் முன்போல் ஆகவில்லை.

ஆகவே குதிரையின் முதுகு நோவை எவ்வாறு அறிவது என்பதையும், இப்பொழுது பலரும் கேட்டறிய விரும்பும் கைரோப்ராக்டிக் என்னும் கைமுறைச் சிகிச்சை எப்பொழுது பயன்படும், எப்பொழுது கேடு செய்யும் என்பதையும் இங்கே கூறுவோம்.

முதுகின் அமைப்பு

குதிரையின் கழுத்தில் 7 முள்ளெலும்புகளும், விலா எலும்புகள் பொருந்திய முதுகில் 18 எலும்புகளும், இடுப்பில் சாதாரணமாய் 6 எலும்புகளும், அதற்கடுத்து ஒன்றாய் இணைந்த 5 எலும்புகளும், பின்னர் வால் எலும்புகளும் உள்ளன. முதுகெலும்பு ஒவ்வொன்றின் மேலும் முள்போன்ற நீட்சி ஒன்று நிமிர்ந்து நிற்கும். சேணம் படியும் இடத்தில், சிறப்பாக 13 முதல் 18 வரையுள்ள எலும்புகளில், இந்நீட்சிகள் ஒன்றோடொன்று நெருங்கி உராய்ந்து நோவுண்டாக்குதல் குதிரைகளில் அடிக்கடி காணப்படுவதாகும். குதிரை தலையை உயர்த்தி முதுகைத் தாழ்த்தினால் நீட்சிகள் நெருங்கும். தலையைத் தாழ்த்தி வயிற்றுத் தசைகளைக் கொண்டு முதுகை உயர்த்தினால் விலகும். தலையை எப்போதும் இழுத்துப் பிடித்துச் சவாரி செய்யும் வழக்கம் ஏன் முதுகுக்கு ஆகாது என்பது இதனால் விளங்கும். பின்னங்கால்களின் உந்துதல் உடலுக்குச் செல்லும் வழியாகிய இடுப்பு மூட்டும் அடிக்கடி நோவுக்கு உள்ளாவதாம். திருவிழாக்களில் பின்னங்கால்களில் நிற்கவும் ஆடவும் பழக்கப்படும் குதிரைகளில் அவ்விடத்தைத் தனியே கவனிக்க வேண்டும்.

அறிகுறிகள்

குதிரை இரையாகும் இனத்தைச் சேர்ந்தது. நோவை வெளிக்காட்டும் குதிரையை வேட்டை மிருகம் முதலில் தேர்ந்தெடுக்கும்; ஆகையால் அது நோவை மறைக்கும் இயல்புடையது. மாடு முனகும், நாய் ஊளையிடும், குதிரையோ நடத்தையை மாற்றிக்கொள்ளும். அந்த மாற்றத்தையே நாம் குணக்கேடு என்கிறோம்.

லாயத்தில் கட்டியிருக்கும்போதே பார்க்கத் தக்கவை சில. தேய்க்கும்போது முதுகின் ஓரிடத்தில் மட்டும் நெளிந்து விலகுதல், சேணத்தைக் கண்டதும் மூச்சை அடக்கி வயிற்றை உப்புதல், லாடம் கட்டுவோர் ஒரு பின்னங்காலை மாத்திரம் தூக்கவொட்டாது இழுத்துக்கொள்ளுதல், முன்பு படுத்துப் புரண்ட பிராணி புரளாது விடுதல், வாலை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தல், முதுகின் இரு பக்கத் தசைகளும் ஒத்த பருமனின்றி ஒரு பக்கம் குழிவிழுதல் ஆகியவை அவற்றுட் சில. முகத்தையும் பார்க்க வேண்டும். 2014ல் ஐரோப்பிய ஆராய்ச்சியாளர் குதிரையின் முகக்குறிகளைக் கொண்டு நோவை அளக்கும் முறையொன்றை வெளியிட்டனர். காது விறைத்துப் பின்னோக்கி நிற்றல், கண் இடுங்குதல், கண்ணுக்கு மேலுள்ள பகுதி இறுகுதல், மெல்லும் தசைகள் புடைத்தல், வாய் இறுகி மோவாய் துருத்தல், நாசித் துவாரம் விறைத்தல் என்னும் ஆறு குறிகளே அம்முறைக்கு ஆதாரம். நம்முடைய குதிரைக்காரர்கள் இவற்றைப் பெயரின்றியே அறிவர். "மூஞ்சி சரியில்லை" என்று அவர்கள் சொன்னால் எஜமானர் அலட்சியம் செய்யலாகாது.

சவாரியின்போது தோன்றும் குறிகள் இன்னும் தெளிவானவை. இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் குதிரைகளின் நொண்டலை ஆராய்ந்து வந்த கால்நடை வைத்தியர் சூ டைசன் என்னும் அம்மையார், சவாரிக் குதிரைகளின் நடத்தைகளில் 24ஐத் தேர்ந்து 2018ல் வெளியிட்டார். காதுகளைப் பல வினாடி தொடர்ந்து பின்னே மடக்கியிருத்தல், திரும்பத் திரும்ப வாயைத் திறத்தல், தலையை ஒரு பக்கம் சாய்த்தல், வாலை ஓயாது வீசுதல், பின்னங்கால் குளம்பின் நுனி தரையில் உரைதல், தடுக்கி விழப் பார்த்தல், ஏவினாலும் முன்செல்ல மறுத்தல், முதுகைத் தூக்கி உதைத்தல் முதலியவை அவற்றில் அடங்கும். இவற்றுள் 8 அல்லது அதற்கு மேற்பட்டவை ஒரே குதிரையிடம் காணப்படின் அதற்கு எலும்பு, மூட்டு அல்லது தசையில் நோவிருத்தல் கூடும் என்பது அவருடைய முடிவு. ஒரு குறியை ஒரு நாள் கண்டமாத்திரத்தில் பயப்பட வேண்டுவதில்லை. ஈக்கடிக்கும் குதிரை வாலை வீசும்; புது ஆளைக் கண்டும் காதை மடக்கும். முன்பு இல்லாத குறி புதிதாய்த் தோன்றி, சேணமிட்ட போதெல்லாம் திரும்ப வருகிறதா என்பதே கேள்வி.

கையால் பரீட்சித்தல்

சமதரையில் குதிரையை நிறுத்தி, பழகிய ஆள் ஒருவர் தலையைப் பிடித்திருக்க, தோளுக்குப் பக்கத்தில் நின்றுகொள்க, பின்னே நிற்கலாகாது. கழுத்தும் முதுகும் கூடும் மேட்டிலிருந்து தொடங்கி, நடுமுதுகுக்கு இரண்டு விரற்கடை விலகி, விரல்களின் தட்டைப் பகுதியால் மெல்ல அழுத்திக்கொண்டே இடுப்புவரை செல்க. பின் மறுபக்கமும் அவ்வாறே செய்க. நலமுள்ள முதுகு சற்றே தாழ்ந்து மீளும், தசை இளகியிருக்கும். நோவுள்ள இடத்தில் தசை பலகைபோல் விறைக்கும், அல்லது குதிரை சட்டென்று முதுகைக் கீழே வாங்கிக்கொள்ளும். காதும் வாயும் உடனே மாறும். நகத்தாலோ கூரிய பொருளாலோ குத்திப் பார்ப்பதால் பயனில்லை; நலமுள்ள குதிரையும் அதற்குத் துடிக்கும்.

பிறகு ஒரு கைப்பிடி பசும்புல்லைக் காட்டிக் கழுத்தை இரு பக்கமும் விலாவரை திருப்பச் செய்க. ஒரு பக்கம் எளிதாகவும் மறுபக்கம் காலை நகர்த்தியும் திரும்பினால் அதனைக் குறித்துக்கொள்க. கையில் பிடித்துச் சிறு வட்டமாகச் சுற்றவும், சில அடி பின்னோக்கி நடக்கவும், மேட்டிலிருந்து இறங்கவும் செய்து பார்க்க. முதுகு நோவுள்ள குதிரை பின்னடக்க மறுக்கும்; இறக்கத்தில் குறுகக் குறுக அடி வைக்கும்.

முதலில் நீக்க வேண்டிய காரணங்கள்

குறி கண்டவுடன் முதுகைப் பிடித்துவிட ஆளைத் தேடுவது தவறு. முதுகு நோவு பெரும்பாலும் வேறொன்றின் விளைவாகவே இருக்கும்.

எல்லாவற்றிற்கும் முன் பார்க்க வேண்டியது சேணம். விரிப்பின்றிச் சேணத்தை வைத்துப் பார்த்தால், நடுமுதுகின்மேல் முன்னிருந்து பின்வரை வெளிச்சம் தெரிய வேண்டும். ஆள் ஏறியபின்னும் முன்மேட்டின்மேல் இரண்டு விரல் நுழைய இடமிருக்க வேண்டும். கடைசி விலா எலும்புக்குப் பின்னால் சேணம் செல்லலாகாது. சவாரி முடிந்து சேணத்தை எடுத்தவுடன் வியர்வை படிந்த விதத்தைக் கவனிக்க. சுற்றிலும் நனைந்திருக்க, நடுவே ஒரு திட்டு மாத்திரம் உலர்ந்திருந்தால், அங்கே அழுத்தம் மிகுதி என்று ஐயுற வேண்டும். மயிர் வெளுத்த இடம் பழைய அழுத்தத்தின் சாக்ஷி. பழைய சேணத்தைப் புதுக் குதிரைக்கு மாட்டுவதும், பருத்திருந்தபோது பொருந்திய சேணத்தைக் குதிரை மெலிந்தபின்னும் மாட்டுவதும் நம் ஊர்களில் சாதாரணம். சேணம் பொருந்தாதபோது விரிப்பின்மேல் விரிப்பாகப் போடுவது, சிறிய செருப்புக்குள் இரட்டைக் காலுறை அணிவது போலாகும். முன்மேட்டில் வீக்கமும் சீழும் காணப்படின் அது அழுத்தப் புண் மாத்திரம் அன்றி, மாடுகளில் கருச்சிதைவு உண்டாக்கும் புருசெல்லா கிருமியாலும் இருக்கக் கூடும். இந்நோய் மனிதருக்கும் தொற்றுவதாகையால் அச்சீழைக் கையால் தொடாமல் டாக்டரிடம் காட்டுக.

ஏறுபவரின் பாரமும் ஒரு காரணம். அமெரிக்காவில் ஒஹையோவில் செய்து 2008ல் வெளியிட்ட பரிசோதனையில், சேணத்தோடு சேர்ந்த பாரம் குதிரையின் எடையில் நூற்றுக்கு 20 பங்கு வரை இருந்தபோது காணாத தசை நோவும் சோர்வும் 25, 30 பங்கானபோது மிகுந்து காணப்பட்டன. 350 கிலோ எடையுள்ள நம் நாட்டுக் குதிரைக்கு 20 பங்கென்பது 70 கிலோ. சேணமும் அதில் அடக்கம். கலியாண ஊர்வலத்திற்கு வாடகைக்கு விடுவோர் இக்கணக்கை நினைவிற் கொள்வாராக.

குளம்பையும் பார்க்க வேண்டும். நுனி நீண்டு குதிங்கால் தாழ்ந்த குளம்பு, மேலுள்ள மூட்டுகளையும் முதுகையும் வருத்தும். சுமார் ஆறு வாரத்திற்கொருமுறை குளம்பைச் சீவி லாடத்தை மாற்றுவது முறை. காலில் நொண்டலுள்ள குதிரை மற்றக் கால்களில் பாரத்தை மாற்றி முதுகை விறைத்துக்கொள்ளும். இங்கே முதுகைப் பிடிப்பதால் ஒன்றும் ஆகாது. கடைவாய்ப் பற்களில் மேற்பற்களின் கன்னப்பக்கமும் கீழ்ப்பற்களின் நாக்குப்பக்கமும் கூராகிவிடும். அப்பொழுது குதிரை கடிவாளத்தை வெறுத்துத் தலையை உயர்த்தும். தலை உயர்ந்தால் முதுகு தாழும். தீனியைப் பாதி மென்று உருண்டையாய் உதிர்க்கும் குதிரைக்குப் பல் அராவுதல் வேண்டும்.

கைமுறைச் சிகிச்சை

கைரோப்ராக்டிக் என்பது 1895ல் அமெரிக்காவில் அயோவா மாகாணத்து டேவன்போர்ட் நகரில் டி. டி. பால்மர் என்பவர் மனிதருக்கென்று தொடங்கிய முறை. முள்ளெலும்பு இடம் விலகி நரம்பை அழுத்துவதே நோய்களுக்குக் காரணம் என்பது அவர் கொள்கை. பிற்காலத்தில் இதனைப் பிராணிகளுக்குச் செய்யவும் முற்பட்டனர். கால்நடை வைத்தியமும் கைரோப்ராக்டிக்கும் இரண்டும் கற்ற ஷரன் வில்லொபி அம்மையாரின் முயற்சியால் 1989ல் அமெரிக்காவில் இதற்கென ஒரு சங்கம் ஏற்பட்டது. விறைத்த மூட்டொன்றைக் கையாற் கண்டறிந்து, அந்த ஒரு மூட்டின்மேல் மாத்திரம் குறுகிய, விரைவான உந்துதல் அளிப்பதே முறை. பலம் இதற்கு முக்கியமன்று. இடமும் திசையும் அறிதலே முக்கியம்.

"எலும்பு விலகியிருந்தது, தட்டிச் சேர்த்துவிட்டேன்" என்று சொல்வோரை நம்ப வேண்டாம். குதிரையின் முள்ளெலும்புகள் தடித்த நாண்களாலும் தசைகளாலும் இறுகப் பிணைக்கப்பட்டவை. மெய்யாகவே விலகிய முதுகோடு குதிரை நிற்க இயலாது. விலகினால் கையால் சேரவும் சேராது. விறைத்த மூட்டு சற்று இளகுவதும், தசையின் இறுக்கம் தளர்வதும், அவ்விடத்தில் நோவுணர்ச்சி குறைவதுமே இச்சிகிச்சையால் எதிர்பார்க்கத்தக்கவை. அமெரிக்க ஆராய்ச்சியாளர் 2008ல் வெளியிட்ட பரிசோதனையொன்றில் கைமுறைச் சிகிச்சைக்குப்பின் குதிரைகளின் முதுகு மிகுந்த அழுத்தத்தைத் தாங்கியது உண்மை. ஆனால் அவை நோவுக்குறி இல்லாத குதிரைகள். நோவுள்ள குதிரைகளில் செய்த பரிசோதனைகள் சிலவே, அவையும் சிறியவை. ஆகவே இதனை மூல சிகிச்சையாகக் கொள்ளாமல் துணைச் சிகிச்சையாகக் கொள்வதே விவேகம்.

எந்தக் குதிரைக்கு இது உதவக் கூடும்? சேணம், குளம்பு, பல், கால் ஆகிய யாவும் சரி செய்யப்பட்டபின்னும் ஒரு பக்கம் மட்டும் வளைய மறுக்கும் குதிரைக்கு உதவக் கூடும். வழுக்கி விழுந்து, டாக்டர் பரிசோதித்து முறிவில்லை என்று கூறியபின் விறைப்பு நீங்காத குதிரைக்கும், நெடுநாள் லாயத்தில் நின்றபின் வேலைக்குத் திரும்பும் குதிரைக்கும் அவ்வாறே. இவற்றிலும் டாக்டரின் உத்தரவு முன்னே, கை பின்னே. 1984ஆம் வருஷத்து இந்தியக் கால்நடை வைத்தியக் கவுன்சில் சட்டப்படி பிராணிகளுக்கு வைத்தியம் செய்யும் உரிமை பதிவுபெற்ற கால்நடை வைத்தியருக்கே உரியது என்பதைக் கிராம அதிகாரிகள் ஊராருக்கு எடுத்துரைத்தல் நலம். மனிதருக்குச் சுளுக்கு வழிப்பவரைக் கொண்டு குதிரையின் காலைக் கயிறு கட்டி இழுப்பதும், மரச்சுத்தியால் முதுகைத் தட்டுவதும், இடுப்பில் சூடு போடுவதும் செய்யத் தகாதவை. சூட்டினால் விளைவது இரண்டாவது நோவே.

கை வைக்கலாகாத நிலைகள்

கும்ரி என்று வடநாட்டார் அழைக்கும் நோயை நம் பண்ணைக்காரர் அவசியம் அறிய வேண்டும். நேற்றுவரை நன்றாயிருந்த குதிரை இன்று பின்னங்கால் பின்ன, இடுப்பு ஆட, குடித்தவன்போல் தள்ளாடும். இடுப்பு பிசகியதென்று கருதிப் பலர் பிடித்துவிடத் தொடங்குவர். இதற்குக் காரணம் மாட்டின் வயிற்றறையில் வாழும் செட்டேரியா என்னும் நூற்புழு. கொசு அதன் குஞ்சை மாட்டினின்று குதிரைக்குக் கொண்டு செல்கிறது. மாட்டுக்கு அதனால் பெரும்பாலும் கேடில்லை. குதிரையிலோ அது வழிதவறித் தண்டுவடத்திற்குள் புகுந்து நரம்பை அழிக்கிறது. இதனைக் கையால் திருத்த முடியாது. ஒவ்வொரு நாள் தாமதமும் நஷ்டம். மாட்டுத் தொழுவத்தின் பக்கத்தில் குதிரையைக் கட்டும் பண்ணைகளில் சாணக்குழியருகே நீர் தேங்காமல் பார்ப்பதும், மாலையில் கொசுவைத் தடுப்பதும் இதற்குரிய காப்பு.

ஓரிரு நாள் வேலையின்றி முழுத் தானியமும் தின்ற குதிரை, மறுநாள் வேலையில் புகுந்த சிறிது நேரத்திற்குள் வியர்த்து, இடுப்பு கல்லாய் இறுகி, காப்பி நிறமாய் மூத்திரம் பெய்தால் அது தசைச் சிதைவு நோய். அங்கேயே நிறுத்துக; வீட்டிற்கு நடத்திவரவும் கூடாது. உடல் முழுதும் மரக்கட்டையாய் விறைத்து, கண்ணின் மூன்றாம் இமை குறுக்கே வந்தால் ரணஜன்னி. முன்னங்குளம்பில் சூடு கண்டு, பாரத்தைப் பின்னுக்குத் தள்ளி நின்றால் குளம்புச் சதை அழற்சி. இவற்றிலும், விழுந்த அன்றும், காய்ச்சல் உள்ளபோதும் முதுகைத் தொடவே கூடாது. தமிழ்நாட்டில் 1962 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்துக் கால்நடை ஆம்புலன்ஸ் கேட்கலாம்.

புண்ணோடும் நொண்டலோடும் வேலை செய்யத் தகுதியற்ற பிராணியை வேலை வாங்குவது 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். சந்தையிலும் ஊர்வலத்திலும் கிராம அதிகாரிகள் சேணத்திற்குக் கீழேயும் பார்க்கலாம்.

சிகிச்சைக்குப் பின்

கைமுறைச் சிகிச்சை செய்த அன்றும் மறுநாளும் சேணமிடலாகாது. கையில் பிடித்து மெதுவாய் நடத்துக. பின்னர் தரையில் தீனி வைத்துத் தலை தாழ்த்தித் தின்னச் செய்க. உயர்ந்த தொட்டி முதுகுக்கு ஆகாது. தினந்தோறும் கேரட் அல்லது புல்லைக் காட்டி, மோவாயை மார்புக்கும், முன்னங்கால்களுக்கு நடுவிலும், இரு விலாவுக்கும் கொண்டுவரச் செய்து, ஒவ்வொரு நிலையிலும் சில வினாடி நிறுத்துக. அமெரிக்காவின் மிச்சிகன் ஸ்டேட் சர்வகலாசாலையார் 2011ல் வெளியிட்ட பரிசோதனையில், இத்தகைய பயிற்சியை மூன்று மாதம் செய்த குதிரைகளின் முதுகெலும்பைத் தாங்கும் உள்தசைகள் பருத்தன. செலவு ஒரு கைப்பிடிப் புல்லே. ஆனால் அவசரப்பட்டு இழுக்கலாகாது, குதிரை தானே நீட்ட வேண்டும்.

டாக்டரிடம் செல்லுமுன் ஒரு வாரக் குறிப்பு எழுதிக்கொண்டு போவது மிகுந்த உதவி. எந்த நாளில், எந்தச் சேணத்தோடு, யார் ஏறியபோது, எந்தப் பக்கம் திரும்பும்போது குறி தோன்றியது என்று எழுதுக. கூடுமானால் சேணத்தையும் எடுத்துச் செல்க. இரண்டு மூன்று முறை கைமுறைச் சிகிச்சை செய்தும் குறிகள் மாறாவிடின் மேலும் பணம் கொடுத்துக்கொண்டிராமல் நிறுத்திவிட்டு, எக்ஸ்ரே முதலிய பரிசோதனைக்குக் குதிரையைக் கொண்டு செல்க. அதுவரை அதன் முதுகில் யாரும் ஏற வேண்டாம்.